ரங்கூனில் சும்மா நிற்கப் போனேன்

ரங்கூன் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரிக்கு அதற்குள் துணிமணி அதிகம் இல்லாதது சந்தேகமாகப் பட்டது. இருந்ததெல்லாம் டிரம் தோல். தோல் என்று பெயரே தவிர, இப்போதெல்லாம் அது கெட்டி பிளாஸ்டிக்தான். அவர் ஒன்றை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் இன்னொன்றை எடுத்துத் தட்டினார். இருவரும் என்னவோ பேசிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தோல் ஊருக்குள் போகாவிட்டால் நான் வந்ததே வீண். கடைசியில் ஒருவர் கையை வீசி, போ என்றார்.

பிள்ளைகளே, நான் சென்னை வியாசர்பாடியில் ஆட்டோ சீட் தைக்கிறவன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. என் மனைவி கஸ்தூரியின் குடும்பம் பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பி வந்தது. அவளுடைய பெரியப்பா மட்டும் வரமாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டார். அந்தப் பெரியப்பாவின் மகன்தான் செல்வம். எனக்கு மச்சான் முறை. ரங்கூனுக்கு வடக்கே மாவ்பி என்கிற ஊரில், மார்க்கெட்டில் பிளாஸ்டிக் வாளிக் கடை வைத்திருக்கிறார். சாயங்காலமானால் அங்கிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு டிரம் சொல்லிக் கொடுக்கிறார். கோயில் திருவிழாவுக்கு முன்னால் டிரம் குழுக்களுக்கு ஒரு போட்டி உண்டு. அங்கே கிடைக்கும் தோல் சீக்கிரம் கிழிகிறது, மச்சானிடம் நல்லதாகக் கொடுத்து அனுப்பு என்று கஸ்தூரிக்குப் போன் வந்தது. அப்படித்தான் நான் போனேன்.

போன முதல் நாளே ஒரு அவமானம். செல்வம் வந்து அழைத்துப் போகும்வரை ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஸ்டூல் எல்லாம் முழங்கால் உயரம்தான். உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வருகிறது. மொயிங்கா வாங்கினேன், மீன் குழம்பு ஊற்றின நூடுல்ஸ். நம்ம பீச் ஸ்டேஷன் எதிரில் விற்பதுதான், ஆனால் மீன் வாசனை தூக்கலாக இருந்தது. கேட்காமலே ஒரு தட்டில் வடை மாதிரி ஏதோ கொண்டுவந்து வைத்தார்கள். கடைக்காரர் வந்து தட்டைக் காட்டி ஏதோ கேட்டார். இருக்கட்டும் என்று தலையை ஆட்டினேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு டீ கிளாசைக் காட்டிக் கேட்டார். சரி, ஊற்றுங்கள் என்று தலையை ஆட்டினேன். கிளாசையும் எடுத்துக்கொண்டு போனார். இந்த ஊரில் நம்மைக் கண்டால் ஆகாதோ என்று நினைத்துக்கொண்டேன்.

மாவ்பிக்கு பஸ்ஸில் போனோம். அங்கே வண்டிகள் ரோட்டின் வலதுபக்கம் ஓடுகின்றன. பஸ்களோ ஜப்பானில் ஓடித் தேய்ந்தவை, இடதுபக்கம் ஓடுவதற்காகச் செய்தவை. அதனால் பஸ்ஸின் கதவு நடைபாதைப் பக்கம் திறக்காமல் நடுரோட்டில் திறக்கிறது. நான் இறங்கின இடத்தில் ஒரு லாரி என் சட்டையை உரசிக்கொண்டு போனது. செல்வம் என் காலரைப் பிடித்து இழுத்தார். "பார்த்து மச்சான். இங்க இறங்குறதுக்குன்னு தனியா ஒரு படிப்பு இருக்கு" என்றார்.

மறுநாள் சாயங்காலம் பயிற்சி பார்க்கப் போனேன். செல்வம் வீட்டில் மெதுவாகப் பேசுகிறவர். வாளி விற்கும்போதும் அப்படித்தான். மைதானத்தில் வேறு ஆள். பிள்ளைகள் வரிசையாக நடந்துகொண்டே அடிக்க, அவர் வரிசைக்குப் பக்கத்தில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கிறார். ஒரு கை கைலியைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை தொடையில் தாளம் போடுகிறது. வாயில் இருக்கும் வெற்றிலையைக்கூட தாளத்தில்தான் மெல்லுகிறார். "தித், ஹ்னித், தோன், லே" என்று எண்ணுகிறார். பர்மா மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எண்ணுவது பர்மாவில், திட்டுவது தமிழில். பாராட்டு எந்த மொழியில் வரும் என்று காத்திருந்தேன். அன்றைக்கு வரவில்லை.

பிள்ளைகள் அவரைச் 'சயா' என்கிறார்கள். அங்கே வாத்தியாருக்கு அதுதான் பெயர்.

முன்வரிசை நடுவில் சைடு டிரம் மாட்டிக்கொண்டு நின்றவள் அவர் மகள் நீலா. அங்கே பர்மாக்காரர்களிடமும் கிட்டத்தட்ட இதே பெயர் உண்டு என்பதால், வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே பெயராக இருக்கட்டும் என்று வைத்தார்களாம். தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் பர்மாவில் வரும். அவள் குச்சியைத் தூக்கினால் குழு நிற்கும், இறக்கினால் குழு தொடங்கும்.

அவள் அடிப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். செல்வம் தூரத்தில் யாருடைய வாரையோ இறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் கை அவ்வளவு சுத்தமாக ஓடியது. அவர் பக்கத்தில் வந்ததும் இடது கை விறைத்துவிட்டது. தையல் மிஷினில் நூல் இறுகினால் தையல் ஒன்றுவிட்டு ஒன்று துள்ளும். அதே மாதிரி அடி துள்ளியது. செல்வம் கத்தினார். கத்தக் கத்த இன்னும் துள்ளியது.

காரணத்தைச் செல்வத்தின் மனைவி தங்கம், மீன் நறுக்கிக்கொண்டே எனக்குச் சொன்னாள். போன வருடப் போட்டியில் நீலா ஒரு இடத்தில் தாளம் தப்பினாள். பக்கத்தில் நின்ற செல்வம் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினார். மகள் கையிலிருந்த இரண்டு குச்சியையும் பிடுங்கினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கழுத்தில் தொங்கிய டிரம்மில் தானே அடித்துக் காட்டினார். அவள் வெறும் கையோடு நின்றாள். குழு தோற்றது. வேறு சில சயாக்களும் அதே நாளில் உள்ளே புகுந்து ரகளை செய்திருந்தார்கள். அதனால் இந்த வருடம் புது விதி. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவர், சுண்ணாம்பால் போட்ட கட்டத்துக்குள் நின்றே ஆகவேண்டும். ஆள் இல்லாத குழு அடிக்க முடியாது. ஆனால் நிற்கிறவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. மீறினால் மார்க் போகும். கோட்டைத் தாண்டினால் குழுவே வெளியே.

"சும்மாதான நிக்கணும், நிப்பேன்கிறாரு இவரு" என்றாள் தங்கம். "அப்பா அந்தக் கட்டத்துல நின்னா நான் குச்சியைக் கீழ வெச்சுட்டு உக்காந்துருவேன், இனிமே தொடவும் மாட்டேன்கிறா அவ. செய்வா அண்ணே. அவரு பொண்ணுதானே."

அன்று சாப்பாட்டில் ஙப்பி இருந்தது. மீனையும் இறாலையும் உப்பில் ஊறவைத்து அரைத்தது. நம் வீட்டில் கருவாடு வறுத்தால் தெருவுக்கே தெரியும். அதற்கு இது அண்ணன். எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் சாப்பிட முடியவில்லை. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே குழம்புச் சட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் வாயைத் திறந்தேன். இந்த ஒரு தடவை வேறு யாரையாவது நிறுத்தலாமே என்றேன்.

"பிள்ளைங்க யாரைப் பார்த்து அடிப்பாங்க மச்சான்?" என்றார் செல்வம்.

நீலா தலையைத் தூக்காமல் பர்மாவில் ஏதோ சொன்னாள். தங்கம் மொழிபெயர்க்கத் தயங்கினாள். அப்புறம் சொன்னாள்: "யாரையும் பாக்காம அடிக்கத்தானே அஞ்சு வருசமா சொல்லிக் கொடுத்தாருன்னு கேக்குறா."

செல்வம் கை கழுவ எழுந்துவிட்டார்.

போட்டி ரங்கூனின் நடுவே லான்மடாவ் பக்கத்தில். பிள்ளைகளையும் டிரம்களையும் ஒரு வாடகை பிக்கப்பில் ஏற்றினோம், தங்கமும் கூட வந்தாள். பாதி வழியில், ரயில்வே கேட்டைத் தாண்டினதும் வண்டி இருமி நின்றது. டிரைவர் இறங்கி ஒரு ரப்பர் குழாயை வாயில் வைத்து டீசலை உறிஞ்சித் துப்பிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். அவர்கள் கன்னத்தில் பூசியிருந்த தனாக்கா வேர்வையில் கரைந்து கோடு கோடாக வழிந்தது. தனாக்கா என்பது ஒரு மரப்பட்டையைச் சந்தனம் மாதிரி அரைத்துப் பூசுவது. நீலா தள்ளும்போதும் குச்சிகளை இடுப்பில் செருகியே வைத்திருந்தாள். அப்பாவுக்கு எட்டாத பக்கமாகவே நின்று தள்ளினாள்.

மைதானத்துக்குள் நுழையும்போது முதல் குழு ஆரம்பித்துவிட்டது. வாசலில் ஒருவர், மாவ்பி குழுவுக்குக் கட்டத்தில் நிற்கப்போவது யார் என்று கேட்டார். செல்வம் தன் மார்பைத் தொட்டார்.

பின்னால் ஒரு சத்தம். கொக்கி கழலும் சத்தம். நீலா தன் டிரம் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, கோபமும் காட்டவில்லை. வேலை முடிந்த ஆள் மாதிரி அவிழ்த்தாள். மற்றப் பிள்ளைகள் அவளையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

செல்வத்தின் கை மார்பிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அந்தக் கையால் என்னைக் காட்டினார்.

"மச்சான் நிப்பாரு."

எனக்கு டிரம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன். "அதுதான் வேணும்" என்றார். "கை பின்னால. வாய் மூடியே இருக்கணும். வேற ஒண்ணும் செய்யாதீங்க." பெட்டிக்கடைக்குப் போனார். அங்கே குன்யா என்று வெற்றிலையைப் பொட்டலமாக மடித்துத் தருவார்கள். இரண்டு வாங்கி இரண்டையும் ஒரே சமயத்தில் வாய்க்குள் அடைத்துக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பிவிட்டது. இனி நினைத்தாலும் அவரால் கத்த முடியாது. கூட்டத்தின் பின்னால் போய் நின்றுகொண்டார். நீலா கொக்கியை மறுபடி மாட்டினாள்.

எங்கள் முறை வரும்வரை மற்றச் சயாக்கள் எப்படி நிற்கிறார்கள் என்று படித்துக்கொண்டேன். கட்டம் ஒரு கட்டில் அளவு இருக்கும். அதன் பக்கத்தில் விசிலோடு ஒரு பெரியவர், நடுவர். முதலில் நின்றவர் குண்டு மனிதர். கையைக் கட்டியிருந்தார், வாயை மூடியிருந்தார், ஆனால் செருப்புக்குள் கால் கட்டைவிரல் மேலும் கீழும் போய்வந்தது. நடுவர் குனிந்து அந்த விரலைப் பார்த்தார். கால் விரல் விதியில் இல்லையே என்று சயா கண்ணாலேயே வாதாடினார். நடுவர் தன் தொப்பியைக் கழற்றி அந்தக் காலை மூடிவிட்டார்.

அடுத்து கியாக்தான் என்கிற ஊரிலிருந்து வந்த டீச்சரம்மா. கண்ணை மூடிக்கொண்டு நின்றார், உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று நடுவருக்குச் சந்தேகம். காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். அந்த அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து ஏதோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் புத்தரிடம் பேசுகிறேன், அவருக்கும் ஒரு கட்டம் போடுவீர்களா என்று கேட்டாராம்.

மூன்றாமவர் தன் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்றார். கடைவாயில் ஒதுக்கி வைத்திருந்த வெற்றிலையை மாடு அசைபோடுவதுபோல மென்றார். என்ன மனிதர் இவர் என்று நினைத்தேன். ஒரு இடத்தில் சிம்பல் அடிக்கும் பிள்ளை ஒரு துளி பிந்தியது. அவர் தாடை அப்படியே நின்றது. அடி சேர்ந்தபிறகுதான் மறுபடி அசைந்தது. முழுவதையும் முதுகால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

எங்கள் முறை வந்தது. நான் கட்டத்துக்குள் போய்க் கையைப் பின்னால் கட்டினேன்.

சும்மா நிற்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். அடி தொடங்கியதும் என் குதிகால் தானாகத் துடித்தது. அதை மண்ணில் அழுத்தினேன். முழங்கால் துடித்தது. அதையும் இறுக்கினேன். நடுவர் என்னைச் சுற்றி வந்தார். முதல் பாகம் நன்றாக முடிந்தது. நீலாவின் இடது கை ஓடியது, துள்ளவில்லை. இரண்டாம் பாகத்தின் நடுவில் 'டப்' என்று ஒரு சத்தம். பேஸ் டிரம்மின் வார் அறுந்துவிட்டது. அடித்துக்கொண்டிருந்த பையன் கீழே விழப்போன டிரம்மை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான். கனமான அடி காணாமல் போய், மற்றதெல்லாம் தரை இல்லாத வீடு மாதிரி ஆடியது.

நீலா அடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். போகவா, நிறுத்தவா என்று அவள் கண் கேட்டது.

கையைக் கட்டச் சொன்னார்கள், கட்டியிருந்தேன். வாயை மூடச் சொன்னார்கள், மூடியிருந்தேன். தலையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் நானும் ஊரில் செய்வதுபோல, சரி சரி, போ என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன்.

நீலா குச்சியைத் தூக்கினாள். குழு முழுவதும் நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு டீக்கடைக்காரர் ஏன் தட்டை எடுத்துப் போனார் என்று புரிந்தது. அங்கே ஆமாம் என்றால் தலை மேலும் கீழும் போகவேண்டும். பக்கவாட்டில் போனால் வேண்டாம் என்று அர்த்தம். நீலா தமிழ்ப் பிள்ளைதான், ஆனால் பள்ளிக்கூடம், கூட்டாளிகள் எல்லாம் பர்மா. நான் ஆட்டின தலையைப் பர்மாத் தலையாகப் படித்துவிட்டாள்.

எல்லார் தலையும் திரும்பியது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு செல்வம், மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுப் பக்கம் வருவதைப் பார்த்தேன். கன்னம் உப்பியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கயிறு இடுப்பில் தட்டியதும் நின்றார். ஒரு கையால் கயிற்றைத் தூக்கினார். தாண்டப் போகிறார், போன வருடம் மாதிரியே ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் வாயிலிருந்த அத்தனையையும் விழுங்கினார். வெற்றிலை, சுண்ணாம்பு, புகையிலை, எல்லாம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கயிற்றைக் கீழே விட்டார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முன்னால் பாய் போட்டு உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே அவர் மறைந்துபோனார்.

நீலா கயிற்றுப் பக்கம் கண்ணை ஓடவிட்டாள். அந்த முனையிலிருந்து இந்த முனைவரை தேடினாள். பிறகு என்னைப் பார்க்காமல் திரும்பினாள். பேஸ் பையனிடம் ஏதோ சொன்னாள். அவன் டிரம்மைத் தரையில் வைத்து அதன் பக்கத்தில் முட்டி போட்டான். அவள் இரண்டு குச்சியையும் தலைக்குமேல் ஒன்றோடொன்று தட்டினாள். தித். ஹ்னித். தோன். லே. விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள். நடந்து காட்டவேண்டிய இடத்தில் அந்தப் பையனுக்காக எல்லாரும் நின்ற இடத்திலேயே கால் மாற்றினார்கள். கடைசிவரை போனார்கள்.

முடிந்ததும் நடுவர் என்னிடம் வந்தார். வேறு குழுக்காரர்கள், இவர் தலையால் குறி காட்டினார் என்று புகார். தங்கம் மொழிபெயர்த்தாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். போகச் சொன்னேன் என்றேன். நீலாவைக் கேட்டார். நிறுத்தச் சொன்னார் என்றாள். நடுவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தப்பாகப் போய்ச் சேர்ந்த குறி குறியே ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கு மார்க் போகவில்லை. நடுவில் நின்றதற்குப் போனது. எங்களுக்குப் பரிசு இல்லை.

திரும்பும்போது செல்வத்துக்கு விக்கல். பிக்கப் குலுங்கும்போதெல்லாம் விக்கினார். புகையிலை விழுங்கினால் தலை சுற்றும், முகம் வெளிறியிருந்தது. நான் மன்னிப்பு கேட்டேன். அவர் கையை ஆட்டி விட்டுவிடச் சொன்னார். நீலா எதிரே உட்கார்ந்து அறுந்த வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தைப்பதாவது என் தொழில், ராத்திரிக்குள் தைத்துக் கொடுக்கிறேன் என்றேன்.

கொஞ்ச நேரம் போனபின் அவள் அப்பாவிடம் தமிழில் கேட்டாள். எனக்கும் புரியவேண்டும் என்றுதான் தமிழில் கேட்டாள் என்று நினைக்கிறேன். "எங்க போனீங்க? நான் தேடினேன்."

"நீதானம்மா நிக்கக் கூடாதுன்னே" என்று சொல்லி விக்கினார் செல்வம்.

"நிக்காதன்னு சொன்னேன்" என்றாள். "போன்னு சொல்லலை."

செல்வம் மறுபடி விக்கினார். தங்கம் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

நான் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் மறுபடி பயிற்சி. நீலா வருவாளா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. நான் தைத்த வாரோடு பேஸ் பையன் வந்தான். மற்றவர்கள் வந்தார்கள். கடைசியாக நீலா வந்து டிரம்மை மாட்டினாள். செல்வம் மைதானத்தின் ஓரத்தில் கைலியைப் பிடித்தபடி நின்றார். எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மகளிடமே கேட்டார். அவள் குச்சியை நீட்டிக் காட்டினாள். மைதானத்தின் அந்தக் கடைசியில் இருக்கும் கால்பந்து கோல் கம்பம். அவர் அவ்வளவு தூரமும் நடந்து போய்க் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றார். இங்கிருந்து பார்க்கச் சுண்டுவிரல் அளவு தெரிந்தார்.

அடிக்கத் தொடங்கினார்கள். அங்கே அவர் கை தொடையில் விழுவது தெரிந்தது. ஆனால் பிள்ளைகளே, சத்தம் அவ்வளவு தூரம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதனால் இங்கே அடி விழுந்து முடிந்தபிறகுதான் அங்கே கை விழுந்தது. எவ்வளவு கவனமாகப் போட்டாலும் பிந்திப் பிந்தியே விழுந்தது. நீலா அதைக் கண்டுகொண்டாள். அடிப்பதை நிறுத்தாமல் என்னைப் பார்த்து, "மாமா, அப்பா லேட்டு" என்றாள். வரிசை முழுவதும் சிரிப்பு ஓடியது. பிறகு அவள் கழுத்தை நீட்டி, மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி, அப்பாவுக்காக எண்ண ஆரம்பித்தாள்.